ஏரிக்கரைக்கு வண்டி ஓட்டி வரும் பிள்ளைகளுக்கு

அக்டோபர் பிறந்துவிட்டால் பூநாரை வருகிறதோ இல்லையோ, சென்னை வண்டிகள் வந்துவிடும். பொன்னேரியைத் தாண்டி, பழவேற்காடு கடைத்தெருவில் முட்டி மோதி, ஏரியைப் பார்த்த இடத்தில் நிற்கும். டெம்போ டிராவலர், வாடகைக் கார், ஞாயிறு காலையில் புல்லட் கூட்டம். கிறிஸ்துமஸ், புத்தாண்டு, காணும் பொங்கல் என்று மார்ச் வரை இந்தக் கதைதான். கேரளத்தில் 2021இல் கேரவன் சுற்றுலாவைத் தொடங்கினார்கள். தமிழ்நாட்டின் 2023 சுற்றுலாக் கொள்கையிலும் கேரவனுக்கும் கூடார முகாமுக்கும் இடம் இருக்கிறது. படுக்கையும் அடுப்பும் வைத்த வண்டி நம் கரையில் நிற்கும் நாள் தூரத்தில் இல்லை.

இந்தச் சுற்றுலாக் கூட்டத்தையொட்டி நம் தோணிரேவிலும் சுற்றுக் குப்பங்களிலும் பிள்ளைகளுக்குப் புதுப் பிழைப்பு கிடைத்திருக்கிறது. சிலர் ஷேர் ஆட்டோ எடுத்திருக்கிறீர்கள், சிலர் டிராவல்ஸ் வண்டி ஓட்டுகிறீர்கள். சிலர் ஞாயிற்றுக்கிழமை கரையில் நின்று "இந்தப் பக்கம் போடுங்க சார்" என்று இடம் காட்டுகிறீர்கள். நான் மீன் லோடு அடித்தவன். ஐஸ் பெட்டி ஏற்றிக்கொண்டு விடிவதற்குள் சிந்தாதிரிப்பேட்டை மார்க்கெட்டுக்குப் போய்ச் சேர வேண்டிய தொழில். நெடுஞ்சாலையில் எப்படி ஓட்டுவது என்று உங்களுக்கு லைசென்ஸ் கொடுத்தவர்கள் சொல்லியிருப்பார்கள். ஊருக்குள், ஆள் நடக்கிற இடத்தில், நிற்கப் போகிற வண்டியை எப்படிக் கையாளுவது என்று யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். அதை மட்டும் சொல்கிறேன்.

1. முதலில், நம் ஊரில் சாலை எதற்கெல்லாம் பயன்படுகிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். தார் சூடாக இருப்பதால் அதில் கருவாடு காயும். வலை பிரித்து முடிச்சுப் போடுபவர் காலை நீட்டி உட்கார்ந்திருப்பார். வாசலில் பனை ஓலைப் பெட்டி பின்னும் அம்மாவின் ஓலை பாதி ரோட்டில் கிடக்கும். ஆடு படுத்திருக்கும். இதைப் பார்த்து வெளியூர் டிரைவர் ஹாரன் அடிப்பான். நீங்கள் அடிக்காதீர்கள். அவர்கள் உங்கள் வழியை மறிக்கவில்லை. அவர்கள் வேலை செய்கிற இடத்துக்குள் நீங்கள் வண்டியை விட்டிருக்கிறீர்கள்.

இன்னொன்றையும் கவனியுங்கள். தோளில் வலைமூட்டை வைத்திருப்பவரால் தலையைத் திருப்ப முடியாது. தலையில் மீன் கூடை வைத்த பெண், கூடையோடு உடம்பையே திருப்பினால்தான் பின்னால் பார்க்க முடியும். கையால் இறால் தடவிப் பிடித்துவிட்டுச் சேற்றிலிருந்து ஏறி வருகிறவர்களுக்குக் கால் மரத்துப் போயிருக்கும். சட்டென்று ஒதுங்க வராது. கடல்காற்று எதிரில் அடித்தால் பின்னால் வரும் வண்டிச் சத்தமும் காதுக்கு வராது. இப்போது பேட்டரி ஆட்டோ, பேட்டரி ஸ்கூட்டர் வேறு வந்துவிட்டன. அவற்றுக்குச் சத்தமே கிடையாது. ஆகவே அவர் உங்களைப் பார்த்திருப்பார் என்று எண்ணவே வேண்டாம். முகம் பார்த்து, அவர் தலையசைத்த பிறகு தாண்டுங்கள்.

2. வேகம். மணிக்கு 40 கிலோமீட்டரில் போகும் வண்டி ஒரு நொடியில் 11 மீட்டர் ஓடிவிடும். பந்து உருண்டு வருவதைக் கண் பார்த்து, மூளை சொல்லி, கால் பிரேக்குக்குப் போவதற்குள் அந்த ஒரு நொடி போய்விடும். அதற்குப் பிறகுதான் பிரேக் பிடிக்கவே ஆரம்பிக்கும். 20இல் போனால் ஐந்தரை மீட்டர். நடக்கிற வேகமான 5இல் போனால் ஒன்றரை மீட்டருக்கும் குறைவு. ஆளும் வண்டியும் கலந்து போகிற இடங்களில் 30க்கு மேல் கூடாது என்று 2020 பிப்ரவரியில் ஸ்டாக்ஹோமில் கூடிய உலக நாடுகள் அறிவித்தன. அது நகரத் தெருவுக்கான கணக்கு. அமெரிக்காவில் கேரவன் நிறுத்தும் முகாம்களின் வாசலிலேயே மணிக்கு 5 மைல், 10 மைல் என்று போர்டு வைத்திருப்பார்கள். 5 மைல் என்றால் நம் கணக்கில் 8 கிலோமீட்டர். அவ்வளவு அகலமான இடம் வைத்திருப்பவர்களே அப்படி ஓட்டும்போது, இரண்டு வண்டி எதிரெதிரே வந்தால் ஒன்று மண்ணில் இறங்க வேண்டிய நம் தெருவில் முதல் கியருக்கு மேல் எதற்கு?

இந்தியாவில் 2022ஆம் ஆண்டு மட்டும் சாலையில் நடந்துபோனவர்களில் 32,825 பேர் வண்டி மோதி இறந்தார்கள். மத்திய அரசின் கணக்கு இது. இதில் கால் இழந்தவர்கள், இடுப்பு ஒடிந்தவர்கள் சேர்த்தி இல்லை. கடலுக்கும் ஏரிக்கும் போகிறவருக்கு இடுப்பு ஒடிந்தால் அந்த வீட்டுக்குத் தொழில் போயிற்று என்று அர்த்தம்.

3. ஆனாலும் வண்டி நிறுத்தும் இடத்தில் வேகத்தைவிட எனக்குப் பயம் ரிவர்ஸ் கியரில்தான். கரையில் வண்டியைத் திருப்ப இடம் இருக்காது. முன்னே ஏரி, பின்னே வீடு. நாலு தடவை முன்னும் பின்னும் போனால்தான் திரும்பும். அந்த நாலு தடவையும் டிரைவர் என்ன பார்க்கிறான்? தண்ணீரில் முன்சக்கரம் இறங்கிவிடுமோ என்று முன்னால் பார்க்கிறான். ஆள் இருப்பது பின்னால்.

உயரமான வேனின் பின்புறம் தரையில் உட்கார்ந்திருக்கும் குழந்தை எந்தக் கண்ணாடியிலும் தெரியாது. பல மீட்டர் தூரத்துக்குத் தெரியாது. 2019 ஜூலை 1 முதல் நம் நாட்டில் புதிதாக விற்கும் கார்களில் ரிவர்ஸ் சென்சார் கட்டாயம். அமெரிக்காவில் 2018 மே மாதத்திலிருந்து புதுக் கார்களுக்குப் பின்கேமராவே கட்டாயம். பெற்ற பிள்ளையின் மீதே வீட்டு வாசலில் வண்டியைப் பின்னால் எடுத்தவர்கள் உண்டு. அந்தத் துயரங்களிலிருந்துதான் அங்கே அந்தச் சட்டம் பிறந்தது. சென்சார் நல்லதுதான். ஆனால் நம் கரையில் உப்புக் காற்றும் சேறும் அதை மூடிவிடும். கேமராக் கண்ணாடியில் ஒரு சொட்டு ஐஸ் தண்ணீர் பட்டு மங்கினால் போதும். ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் வண்டிகள் பலவற்றில் இரண்டும் கிடையாது.

ஆகையால் பழைய முறைதான். இறங்குங்கள். கோயிலில் சாமியைச் சுற்றுவதுபோல் வண்டியை ஒரு முறை முழுதாகச் சுற்றி வாருங்கள். குனிந்து அடியில் பாருங்கள். ஏறியதும் தாமதிக்காமல் எடுங்கள். சுற்றி வந்துவிட்டு டீ குடிக்கப் போனால் அந்தச் சுற்று செல்லாது. பின்னால் யாருக்கும் ஆபத்து இல்லை என்று உறுதிசெய்துகொண்ட பிறகே ரிவர்ஸ் எடுக்க வேண்டும் என்று ஓட்டுநர் விதிகளிலும் இருக்கிறது. பீப் சத்தம் போட்டேன், அவர் நகரவில்லை என்ற பதில் போலீஸ் ஸ்டேஷனில் எடுபடாது.

முடிந்தால் வந்தவுடனேயே ஆள் இல்லாத நேரத்தில் பின்பக்கமாக நிறுத்திவிடுங்கள். மாலையில் கிளம்பும்போது கூட்டம் இருக்கும், இருட்டியிருக்கும், வந்தவர்கள் அவசரப்படுத்துவார்கள். அப்போது முன்பக்கமாகவே வெளியேறலாம்.

4. ரிவர்ஸுக்குக் கை காட்டுபவர் ஒருவர்தான் இருக்க வேண்டும். நம் ஊரில் ஒரு வண்டி திரும்பினால் எட்டுப் பேர் டைரக்டர் ஆகிவிடுவார்கள். ஒருவர் "வரட்டும் வரட்டும்" என்பார், இன்னொருவர் "ஹோல்டான்" என்பார், மூன்றாமவர் பேசாமல் டிக்கியைத் தட்டுவார். எட்டுப் பேர் சொல்வதையும் கேட்கிற டிரைவருக்கு எதுவும் கேட்காது. ஒருவரை வைத்துக்கொள்ளுங்கள். அவர் வண்டிக்கு நேர் பின்னால் நிற்கக் கூடாது. டிரைவர் பக்கம், பின்மூலைக்குச் சற்றுத் தள்ளி, பக்கக் கண்ணாடியில் தெரிகிற மாதிரி நிற்க வேண்டும். அவர் கண்ணாடியில் தெரியவில்லை என்றால் அந்த நொடியே பிரேக். அவர் எங்கே போனார் என்று யோசித்துக்கொண்டே பின்னால் வரக் கூடாது.

கைச் சைகை இருட்டில் தெரியாது, வாய்ச் சத்தம் காற்றில் கேட்காது. ஒரு விசில் வாங்கிக்கொள்ளுங்கள். நம் பஸ் கண்டக்டர் வழக்கம்தான்: ஒரு விசில் நிற்க, இரண்டு விசில் போக. இதற்கு யாருக்கும் பாடம் நடத்த வேண்டியதில்லை. கை காட்டுகிறவர் கையில் போன் இருக்கக் கூடாது. வீடியோ எடுத்துக்கொண்டே வழிகாட்டும் பையன்களைப் பார்த்திருக்கிறேன். அவர்களை அன்றைக்கே வீட்டுக்கு அனுப்புங்கள்.

5. பிள்ளைகள். புது வண்டி வந்தால் ஓடி வரும். பின்னால் ஏணி இருந்தால் தொங்கும். நிழலுக்கு அடியில் புகும். அதட்டினால் போகாது, விளையாட்டென்று நினைத்துத் திரும்பி வரும். கூட்டமாக நிற்கும் பிள்ளைகளை எண்ணுங்கள். வண்டி எடுப்பதற்கு முன் திரும்ப எண்ணுங்கள். ஒன்று குறைந்தால் அது கிடைக்கும்வரை சாவி உங்கள் சட்டைப் பையில் இருக்கட்டும். வந்தவர்களின் பிள்ளைகள் இன்னும் ஆபத்து. நம் பிள்ளைக்கு வண்டி புதிது. அவர்கள் பிள்ளைக்கு ஏரி புதிது. கதவு திறந்தவுடன் தண்ணீரைப் பார்த்து நேராக ஓடும். அந்த ஓட்டத்தில் தெருவுக்குள் பாயாதபடி ஏரி இருக்கும் பக்கமாக ஆளை இறக்கி விடுங்கள், தெருப் பக்கமாக வேண்டாம். கதவைத் திறக்குமுன் சைக்கிள் வருகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள்.

6. கரைச் சரிவில் நிறுத்தும்போது ஹேண்ட்பிரேக்கை நம்பாதீர்கள். உப்புக்காற்றில் கேபிள் துருப்பிடித்து எப்போது விடும் என்று சொல்ல முடியாது. ஹேண்ட்பிரேக் போட்டு, கியரிலும் விட்டு, சக்கரத்துக்குக் கட்டை வையுங்கள். கட்டை என்றால் கட்டை. ரோட்டோரக் கல்லைப் பொறுக்கி வைத்துவிட்டு, கிளம்பும்போது அதை அப்படியே நடுரோட்டில் விட்டுப் போகிற பழக்கம் லாரிக்காரர்களிடமிருந்து நமக்கு ஒட்டிக்கொண்டது. விடியற்காலை மூன்று மணிக்கு டிவிஎஸ்ஸில் மீன் எடுக்கப் போகிறவன் அந்தக் கல்லில் ஏறித்தான் விழுவான். மரக்கட்டை ஒன்றைக் கயிறு கட்டி வண்டியிலேயே வைத்துக்கொண்டால் மறக்காது.

வண்டிக்கு அடியில் படுத்துத் தூங்காதீர்கள். மதிய வெயிலுக்கு அது சுகம் என்று எனக்கும் தெரியும். உங்கள் கிளீனர் அடியில் இருப்பது தெரியாமல் வேறொருவர் வண்டியை எடுத்தால்?

7. சேறு. பழவேற்காடு ஏரி ஆழமில்லாதது; பல இடங்களில் இடுப்பளவுகூட இல்லை. தண்ணீர் வற்றிய இடம் மேலே காய்ந்து தரை மாதிரி வெடித்திருக்கும், அடியில் களி. பறவைக்குக் கிட்டே போகலாம் என்று அதில் காரை இறக்குவார்கள். இறக்க விடாதீர்கள். அது சரணாலயம் என்பது ஒரு காரணம், 1980இலேயே அறிவித்தது. மற்றொரு காரணம், மாட்டிக்கொண்ட வண்டியை எடுக்கும்போதுதான் ஆளுக்கு அடிபடும். தள்ளுகிறவர்கள் சக்கரத்துக்கு நேர் பின்னால் நிற்கக் கூடாது. சுழலும் டயர் கல்லையும் கிளிஞ்சலையும் அம்பு மாதிரி வீசும், சட்டென்று பிடி கிடைத்தால் வண்டி பின்னுக்கும் உருளும். டிராக்டர் வைத்து இழுத்தால் கயிறு அறுந்து அடிக்கும். படகு இழுத்துப் பழகிய நமக்கு இறுகிய வடத்துக்குப் பக்கத்தில் நிற்கக் கூடாது என்று தெரியும். வேடிக்கை பார்க்க வந்தவர்களுக்குத் தெரியாது. அவர்களை விலக்கி நிறுத்துவது உங்கள் வேலை.

8. இரவில் தொழிலுக்குப் போகிறவர்கள் பேசாமல், செருப்பில்லாமல், கறுத்த சட்டையில் நடப்பார்கள். ஹெட்லைட்டை டிம்மில் வையுங்கள். பிரைட்டில் போட்டால் உங்களுக்கு நன்றாகத் தெரிவதாகத் தோன்றும், எதிரில் வருகிறவருக்கோ கண் கூசிக் கால் தடுமாறும். கூடாரம் அடித்திருந்தால் அதன் கயிறு இருட்டில் காலை வாரும். வெள்ளைத் துணி கட்டச் சொல்லுங்கள். கூடாரத்துக்கும் வண்டித் தடத்துக்கும் நடுவே ஒரு மரமோ மேடோ இருக்கட்டும். துணிக்குள் தூங்குகிறவரை எந்த டிரைவராலும் பார்க்க முடியாது.

9. வண்டிக்குள்ளேயே இராத் தங்குகிறவர்கள் வந்தால் இரண்டு சம்பவங்களைச் சொல்லுங்கள். 2024 டிசம்பரில் கேரளத்தின் வடகரையில் சாலையோரம் நிறுத்தியிருந்த கேரவனுக்குள் இரண்டு பேர் இறந்துகிடந்தார்கள். ஏசிக்காக ஓடிய ஜெனரேட்டரின் புகை உள்ளே புகுந்திருந்தது. கார்பன் மோனாக்சைடுக்கு வாடை கிடையாது, நிறமும் கிடையாது. தூக்கத்திலேயே ஆளைக் கொண்டுபோய்விடும். இன்னொன்று 2023 ஆகஸ்ட் 26, மதுரை. நின்றுகொண்டிருந்த சுற்றுலா ரயில் பெட்டியில் திருட்டுத்தனமாகக் கொண்டுவந்த கேஸ் சிலிண்டர் தீப்பிடித்து உத்தரப் பிரதேசத்திலிருந்து வந்த 9 பேர் இறந்தார்கள். இரண்டுமே ஓடாமல் நின்ற வண்டிகள். இன்ஜினையோ ஜெனரேட்டரையோ ஓடவிட்டுத் தூங்கக் கூடாது. அடுப்பு வண்டிக்கு வெளியே, காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்த்து, வலைகளுக்குத் தூரத்தில் இருக்க வேண்டும். நைலான் வலை பற்றினால் அணைப்பது லேசில்லை.

10. பழவேற்காட்டிலிருந்து லைட் ஹவுஸ் குப்பம் போகும் பாலத்தின் மேல் வண்டியை நிறுத்தாதீர்கள். போட்டோ வேண்டுமென்றால் தாண்டிப் போய் நிறுத்தி, நடந்து வரச் சொல்லுங்கள்.

11. குடித்தவர் கையில் சாவியைக் கொடுக்காதீர்கள். பகலெல்லாம் கரையில் உட்கார்ந்து குடித்துவிட்டு, பொழுது சாயும்போது "நானே எடுக்கிறேன்" என்பார் ஓனர். அந்த நேரத்தில்தான் நம் ஆட்கள் கடைக்கும் ஏலத்துக்கும் நடந்துகொண்டிருப்பார்கள். கோபித்துக்கொண்டால் கோபிக்கட்டும். பதினெட்டு நிரம்பாத பிள்ளையை மடியில் வைத்து ஸ்டீயரிங் பழக்குகிற அப்பாக்களும் வருகிறார்கள். 2019 சட்டத் திருத்தத்துக்குப் பிறகு, சிறுவர் வண்டி ஓட்டிக் குற்றம் செய்தால் பெற்றவருக்கோ வண்டி உரிமையாளருக்கோ மூன்று ஆண்டு வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம். இதை மரியாதையாகச் சொன்னாலே இறங்கிவிடுவார்கள்.

நம் வீட்டிலும் அந்தக் கூத்து உண்டு. எட்டாவது படிக்கும் பையன் மூன்று பேரை ஏற்றிக்கொண்டு ஸ்கூட்டரில் பறப்பதைப் பெருமையாகப் பார்க்கிற மாமன்மார் நம் தெருவிலேயே இருக்கிறார்கள். வெளியூர்க்காரனுக்குச் சொல்லுமுன் அதை நிறுத்துங்கள்.

12. நடக்கிற நம் ஜனங்களுக்கும் ஒரு வார்த்தை. வளைவில் வலை விரிக்க வேண்டாம். வருகிற வண்டிக்கு நீங்கள் தெரியும்படி நேரான இடமாகப் பாருங்கள். ராத்திரி சைக்கிளில் பின்னால் ஒரு சிவப்பு ரிஃப்ளெக்டர் ஒட்டுங்கள், மிக மலிவு. பெரிய பொறுப்பு எப்போதும் இரும்புக்குள் உட்கார்ந்திருப்பவனுக்குத்தான். அதற்காக நாம் இருட்டில் ரோட்டில் பாய் போட்டுப் படுக்க வேண்டும் என்பதில்லை.

13. கடைசியாக, வழி. 2011 டிசம்பர் 25, ஞாயிற்றுக்கிழமை, முகத்துவாரத்துப் பக்கம் படகு கவிழ்ந்து 22 பேர் போனார்கள். சுற்றிப் பார்க்க வந்தவர்கள். உயிர்க்கவசம் இல்லை, ஏற்ற வேண்டியதற்கு மேல் ஆள். அதற்குப் பிறகுதான் சுற்றுலாப் படகுக்குத் தடை வந்தது. தண்ணீரில் என்ன நடந்தாலும் ஆளைக் கொண்டுபோக வேண்டியது ரோடு வழியாகத்தான். பொன்னேரி அரசு மருத்துவமனை சுமார் இருபது கிலோமீட்டர் தூரத்தில் இருக்கிறது. காணும் பொங்கலன்று நம் தெருவில் இரண்டு பக்கமும் கார் போட்டிருந்தால் 108 வண்டி எங்கே நுழையும்? துறையிலிருந்து மெயின் ரோடு வரை ஒரு பக்கத்தில் எந்த வண்டியும் நிற்கக் கூடாது. காசு தருகிறேன் என்றாலும் கூடாது. உங்கள் வண்டியால் யாருக்காவது அடிபட்டால் ஓடாதீர்கள். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதும் போலீஸுக்குச் சொல்வதும் ஓட்டியவர் கடமை என்று சட்டமே சொல்கிறது. ஓடிப்போனவனை இந்தக் கரையில் யாரும் மறுபடி வேலைக்கு வைக்கக் கூடாது.

பஞ்சாயத்தில் கேட்டு, ஊர் நுழைவில் "நடக்கும் வேகத்தில் வரவும்" என்று ஒரு போர்டும், துறையில் வண்டி நிற்கும் எல்லைக்குச் சுண்ணாம்புக் கோடும் போட்டுவிடுங்கள். போர்டுக்குப் பலகை இல்லையென்றால் பழைய படகுப் பலகை போதும். தை பிறந்தால் காணும் பொங்கல் பெருங்கூட்டம் வந்துவிடும்; மார்கழிக்குள் இந்த இரண்டு வேலையையும் முடித்துவிடுங்கள், பிள்ளைகளா.